கெஜக்கணக்கு

டொலீடோவில் ஒரு கம்பளக் கடையில் எனக்கு வேலை.
வீடு வீடாகப் போய்த் தரையை அளப்பேன்.
கெஜத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வேன்.
கெஜம் எனக்குப் பழைய சரக்கு.
ஆறு பருவத்தில்
நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கெஜம்
ஓடி விற்றவன் நான்.

பேர்தான் கால்பந்து.
பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பதினொரு பேர் மேல் போய் மோதுகிற பிழைப்பு.
ஒரு மோதலுக்கு மூன்றரை கெஜம் தேறினால்
கூலி மோசமில்லை.
ஆயிரத்து நூற்றெழுபத்தைந்து முறை
விழுந்திருக்கிறேன்.
எழுந்ததை யாரும் எண்ணவில்லை.

எனக்கு முன்னே ஓடியவன் வால்ட் குஸ்னியாக்.
லக்ராஞ்ச் தெரு இறைச்சிக் கடைக்காரர் மகன்,
இருநூற்று அறுபது பவுண்டு.
வழி திறப்பது அவன் வேலை.
இடுப்புக்குச் சற்று மேலே,
சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடக்கும் இடத்தில்
இடது கையை வைத்துக்கொண்டு
பின்னாலேயே போவேன்.
எதிரே யார் வருகிறார்கள் என்று
கண்ணுக்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.
அவன் தோள் வலப்பக்கம் திரும்பினால் நான் இடப்பக்கம்.
சுவர் அரை மூச்சு நேரம் பிளக்கும்.
அதற்குள் நுழைந்தால் ஞாயிற்றுக்கிழமை,
தவறினால் ஆம்புலன்ஸ்.

வால்ட் பேரில் ஒரு கெஜம்கூட இல்லை.
வழி விட்டவனுக்குக்
கணக்குப் புத்தகத்தில் கட்டம் போடுவதில்லை.

நவம்பர் மழை, பஃபலோவில் சேறு.
வலது முழங்காலுக்குள்
ஈரக் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம்.
அறுபதாயிரம் பேர் கத்திய இடத்தில்
எனக்கு அது மட்டும் கேட்டது.
மார்ச்சில் கடிதம் வந்தது:
சேவைக்கு நன்றி, திரு. லவெல் டட்சன்.
பேரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
எர்னெஸ்டீன் பேனா எடுத்துத் திருத்திவிட்டு
அதைக் கிழித்தாள்.

பிறகு கார் விற்றேன். ஒரு வருடம் குடித்தேன்.
ஓபலூசாஸுக்குத் திரும்பி
வள்ளிக்கிழங்கு லாரி ஓட்டினேன்.
கோபம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது,
சமையலறைக் கதவில் மூன்று ஓட்டை.
அவள் கதவை மாற்றவில்லை.
நான் பார்க்க வேண்டுமாம்.

இப்போது எண்கள் நழுவுகின்றன.
வீட்டிலிருந்து வேனுக்கு வருவதற்குள்
அறையின் அகலம் போய்விடும்.
அதனால் கையில் எழுதிக்கொள்கிறேன்.
கட்டைவிரல் பக்கம் நீளம், சுண்டுவிரல் பக்கம் அகலம்.
மருத்துவர் அதற்கு நீளமாக ஒரு பேர் சொன்னார்.
அதை எழுதிக்கொள்ளவில்லை.

போன வாரம் டொரோட்டா குஸ்னியாக்
கடைக்குப் போன் செய்தாள்.
அளக்க லவெலையே அனுப்பச் சொன்னாளாம்.
வால்ட் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது.
கட்டிலை எடுத்துவிட்டிருந்தாள்.
பழுப்புக் கம்பளத்தில்
கட்டில் கிடந்த இடத்திலிருந்து ஜன்னல் வரை
சக்கர நாற்காலி பதிந்த இரண்டு தடம்.
அதில் பாதி நான் போட்டது.
ஞாயிறு மதியங்களில் தள்ளிக்கொண்டு போவேன்.
தலை ஒரு பக்கம் சாயும்,
பேச்சு போய் இரண்டு வருடம்.
கைப்பிடியை விட்டுவிட்டு
முதுகில் அந்த இடத்தில் கை வைப்பேன்.
சில நாள்
தோள் வலப்பக்கம் திரும்பும்.
காற்றாகவும் இருக்கலாம்.

டேப்பை விரித்தேன்.
மூன்றரை கெஜம்.

தடம் போகுமா என்றாள்.
அடியில் இருக்கும் பஞ்சும் அமுங்கிவிட்டது,
அதையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றேன்.
எவ்வளவு ஆகும் என்றாள்.
கையைப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
சரியாக அளக்கவில்லை, இன்னொரு தரம் பார்க்கிறேன்
என்று குனிந்தேன்.
வலது முழங்கால் மடங்காது, அவளுக்குத் தெரியும்.
டேப்பின் மறுமுனையை வாங்கிக்கொண்டு
ஜன்னல் பக்கம் போய்
அவளே உட்கார்ந்தாள்.